எவரும் வராத குழி

கவுன்சிலின் அறிவித்தல் குழிக்குச் செல்லும் பாதையின் இரும்புக் கதவில் கட்டப்பட்டிருந்தது. கைவிடப்பட்ட சுண்ணக்கற் குழியைக் கட்டட இடிபாடுகளால் நிரப்பி மூட ஒரு நிறுவனம் அனுமதி கேட்டிருந்தது. ஆட்சேபந் தெரிவிக்க இருபத்தொரு நாள் தவணை; ஒன்பது நாள் கழிந்துவிட்டன.

நான் வசிக்கும் நோர்பரியிலிருந்து இரண்டு ரயிலும் ஒரு பஸ்ஸும் மாறி, குதிரை லாயத்தையும் ஆட்டு மேய்ச்சலையும் கடந்து, ஒற்றையடிப் பாதையில் முக்கால் மணி நேரம் நடந்தால் அக்குழியை அடையலாம். அதன் அடியில் தேங்கிய பச்சை நீரிலேதான், நான்காண்டுகளுக்கு முன் என் மனைவி கலாவதியின் சாம்பலைக் கரைத்தோம். அது அவளே கேட்ட இடம். கோயிலின் முதியோர் சுற்றுலாவில் அங்கே இறங்கியபோது, "உங்கட வகுப்புச் சத்தம் எட்டாத இடம் ஒண்டு கண்டுபிடிச்சிட்டன். செத்தால் என்னை இஞ்சை விடுங்கோ" என்று வாத்தியாரான என்னைப் பார்த்து எல்லாரும் கேட்கச் சொன்னாள். எல்லாரும் சிரித்தனர், நானுஞ் சிரித்தேன்.

முறைப்படி மகன் ரதீசனே முழங்கால் நீரில் இறங்கிக் கரைத்தான். திவசந்தோறும் எள்ளுந் தண்ணீரும் இறைக்க அவனே என்னை அழைத்துச் செல்வான். சென்ற ஆண்டு மட்டும் வேலையென்று மறுத்துவிட்டான். மகனின்றி அக்கடன் நிறைவேறாது என்பதால் நானும் போகவில்லை.

இம்முறை தனியே போய் அவ்வறிவித்தலைக் கண்டபின், வீட்டுக்கு வந்து விண்ணப்பத்தைக் கணினியில் திறந்தேன். முப்பத்தாறு ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியவன் நான். ஒரு பக்கத்தையேனும் தாண்டிச் செல்லும் பழக்கம் எனக்கில்லை. நாற்பத்தோராம் பக்கத்தில் சுற்றாடல் ஆய்வறிக்கை தொடங்கியது. வௌவால்கள் உள்ளன. தவளைகள் உள்ளன. இடிந்த சுண்ணாம்புச் சூளை ஒன்று உள்ளது. மனிதப் பயன்பாடு: இல்லை. கீழே, ஆய்வு செய்த பொறியியலாளரின் கையொப்பம். அது என் மகனுடையது.

வௌவாலுக்கு இரண்டு பந்தி எழுதியவனுக்குத் தாய்க்கு ஒரு வரி அகப்படவில்லை.

மறுநாள் அவனை வரவழைத்து, அப்பக்கத்தை மேசைமீது வைத்தேன். அவன் அதை எடுக்கவில்லை.

"அப்பா, அது எங்கட காணி இல்லை. உத்தரவில்லாமல் கரைச்சனாங்கள். அதை நான் என்னெண்டு எழுதிறது?"

"எழுதாமல் விட்டிருக்கலாம். இல்லையெண்டு ஏன் எழுதினனி?"

"நான் எழுதாட்டி இன்னொருத்தன் இதைத்தான் எழுதியிருப்பான்."

"அவன்ர தாய் அங்கை இல்லையே!"

அவன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னர், "நீங்கள் ஆட்சேபம் எழுதுங்கோ, வேண்டாமெண்டு சொல்லேல்லை. தவளையை எழுதுங்கோ, நடைபாதையை எழுதுங்கோ. அம்மாவை மட்டும் எழுதாதேங்கோ. என்ர வேலை போயிடும்" என்றான்.

"போன திவசத்துக்கும் வேலை எண்டுதானே சொன்னனி? எங்கை வேலை?"

அவன் தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தான்.

"அங்கைதான்."

"அங்கை என்ன செய்தனி?"

"தண்ணியின்ரை ஆழம் அளந்தனான்."

தேநீரைக் குடியாமலே எழுந்து போய்விட்டான். நானும் இருக்கச் சொல்லவில்லை.

ஆட்சேபப் படிவத்தில் தவளையைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை. இவ்வளவே எழுதினேன்: "மனிதப் பயன்பாடு இல்லை என்பது பொய். என் மனைவியின் சாம்பல் அந்நீரில் உள்ளது. அதன்பொருட்டு இருவர் அங்கே வருவதுண்டு. ஒருவன் நான். மற்றவன் இவ்வறிக்கையில் கையொப்பமிட்டவன். தாயைக் கரைத்த நீரின் ஆழத்தை அவளுடைய திவசத்தன்றே அளந்தவன்."

ஒருமுறை படித்துப் பார்த்தேன். பிழையொன்றும் இருக்கவில்லை. அனுப்பினேன்.