கழுவின தட்டு

தும்பி படம் எடுக்கிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. கிடைத்த வரைக்கும் லாபம் என்று படக்கென்று எடுத்துவிட்டு அடுத்த குட்டைக்கு ஓடுகிறவர்கள் ஒரு ரகம். நான் மற்ற ரகம். என் படத்தில் தும்பி இருக்கும், அது உட்கார்ந்திருக்கும் தண்டு இருக்கும், பின்னால் வேறு ஒன்றும் இருக்காது. ஒரு புல்நுனி குறுக்கே வந்துவிட்டாலும் அன்றைக்கு எனக்குக் களி இறங்காது. முவினிலுங்கா மாதிரிச் சின்ன ஊரில் சைக்கிள் பழுது பார்த்துப் பிழைக்கிறவனுக்கு இது கொழுப்புதான் என்று என் பெண்டாட்டி சொல்வாள். எங்கள் தும்பி வாட்ஸ்அப் குழுவில் எனக்கு 'கழுவின தட்டு' என்று பட்டப்பெயர். அதில் எனக்குப் பெருமை வேறு.

போன மார்ச் மாதம், மழை முடிகிற நேரம். என் மச்சான் ஓபெட் காட்டுக்குள் மரப்பட்டைத் தேன்பெட்டிகளைப் பார்க்கக் கிளம்பினான். நானும் கேமராவோடு ஒட்டிக்கொண்டேன். கசிஜி ஓடை பிறக்கிற சதுப்பில் ஒரு சின்னக் குட்டை. அதன் ஓரத்தில் சிவப்புத் தண்டுக் கோரை ஒரே ஒரு புதர். அதில் ஏழெட்டு ஊசித்தும்பிகள் பனியில் நனைந்து, பறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தன. புகை நிற நெஞ்சு. வால் நுனியில் முட்டையின் மஞ்சள் கருவைத் தொட்டு வைத்தாற்போல ஒரு பொட்டு. ஆறு வருடமாக இந்தச் சதுப்பெல்லாம் வயிற்றால் ஊர்ந்திருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

நிறையப் படம் எடுத்தேன். எல்லாவற்றிலும் குறுக்கே தண்டு, பின்னால் தண்டு, குப்பை. வால் நுனியில் இருக்கும் கொக்கி தெளிவாகத் தெரியாவிட்டால் என்ன இனம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வெயில் ஏறினால் எல்லாம் பறந்துவிடும்.

"மச்சான், கத்தியக் குடு."

"எதுக்கு? அதுக்கு முடி வெட்டி விடப் போறியா?"

புதரை அடியோடு அரிந்தேன். ஒரு தும்பி உட்கார்ந்திருந்த ஒற்றைத் தண்டை மட்டும் விட்டேன். மற்றவை தடுமாறிப் பக்கத்துப் புல்லில் போய் ஒட்டிக்கொண்டன. சேறு சில்லென்று இருந்ததால், அரிந்த கோரையைக் கரையில் பரப்பி அதன்மேல் குப்புறப் படுத்தேன்.

"எங்கக்கா உனக்கு இப்படி மெத்தை போட்டதே இல்லையே!" என்று ஓபெட் சிரித்தான்.

படம் வந்தது. என் வாழ்க்கையிலேயே சுத்தமான படம். ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று, தும்பி பறந்ததும் அந்தத் தண்டையும் ஒடித்து எடுத்து வந்து, பெரிதாக அச்சடித்த படத்துக்குப் பக்கத்தில் கடையில் கட்டித் தொங்கவிட்டேன்.

குழுவில் படத்தைப் பார்த்துவிட்டுத் தலைநகர் லுசாகாவிலிருந்து டாக்டர் நசிலேலே போன் பண்ணினாள். தும்பிகளைத் தவிர வேறு எதையும் படிக்காத பெண். "கயோம்போண்ணே, இது எந்தப் புத்தகத்துலயும் இல்ல. புத்தம் புதுசு. ஆனா படத்த மட்டும் வெச்சுப் பேர் வைக்க விடமாட்டாங்க. ஒண்ணாவது கையில வேணும். அடுத்த மார்ச்சுல வர்றேன். பேர் உங்க பேர்தான்."

ஒரு வாரம் எனக்குக் கால் தரையில் படவில்லை. கடைக்கு வந்தவர்கள் டியூபுக்கு ஒட்டுப் போடச் சொன்னால்கூடத் தும்பி கதைதான் கேட்டுப் போனார்கள்.

இந்த மார்ச்சில் சொன்னபடி வந்தாள். கோரை முன்னைவிட அடர்த்தியாக முளைத்திருந்தது. அதன் முன்னால் மூன்று நாள் உட்கார்ந்தோம். சிவப்பு வந்தது, நீலம் வந்தது, எங்கும் கிடைக்கிறவை எல்லாம் வந்தன. மஞ்சள் பொட்டு வரவில்லை. ஓடையின் மேலும் கீழும் முழங்கால் சேற்றில் நடந்தோம். அந்தக் கோரையும் வேறு எங்கும் இல்லை. பேர் ஆசையெல்லாம் இரண்டாம் நாளே போய்விட்டது. ஒன்று, ஒன்றே ஒன்று, உயிரோடு கண்ணில் பட்டால் போதும் என்று இருந்தது.

நாலாம் நாள் மத்தியானம், மரவள்ளிக் களியும் காய்ந்த மீனும் சாப்பிட்டுக்கொண்டே, போன வருடத்துப் படங்கள் எல்லாவற்றையும் கேட்டாள். யாருக்கும் காட்டாத குப்பைப் படங்களைக் கேமராவிலேயே எடுத்துக் கொடுத்தேன். அவள் ஒன்றைப் பெரிதாக்கினாள். பிறகு கையிலிருந்த களியைப் போட்டுவிட்டுக் கத்தினாள்.

"அண்ணே, பின்னாடி பாருங்க! மங்கலா இருக்கே, இது பொண்ணு. வாலை வளைச்சுத் தண்டக் குத்துறா. முட்டை வைக்கிறா அண்ணே!"

நான் பார்த்தேன். என் பின்புலத்தைக் கெடுத்த தண்டு அது.

"மழை நின்னதும் பெருசுங்க செத்துடும். வெயில் காலம் முழுக்க முட்டை அந்தத் தண்டுக்குள்ளதான் கிடக்கும். தண்ணி ஏறினாத்தான் பொரியும். இந்த வருஷம் மழை லேட்டு, அதான் இன்னும் காணோம். புதர் அப்படியே இருக்குல்ல? அப்ப வந்தே தீரும். நான் இன்னும் ஒரு வாரம் இருக்கேன்."

ஓபெட் மெல்லுவதை நிறுத்தினான். இடுப்பில் இருந்த கத்தியைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தான்.

பேசாமல் இருந்திருக்கலாம். ஒரு வாரம் காத்திருந்து, மழையைத் திட்டிவிட்டு ஊருக்குப் போயிருப்பாள். ஆனால் அவள் அந்தப் புதரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

"டாக்டரம்மா, இது அந்தத் தண்டு இல்ல. இது புதுசா முளைச்சது. பழச நான் அரிஞ்சுட்டேன்."

"எத்தன?"

"ஒண்ணு தவிர எல்லாத்தையும்."

"அந்த ஒண்ணு?"

"கடையில தொங்குது."

கேமராவை என் மடியில் வைத்துவிட்டு, "அரிஞ்சத என்ன பண்ணீங்க?" என்றாள்.

"கரையில போட்டு மேல படுத்துக்கிட்டேன். அங்கேயே காய்ஞ்சு போச்சு."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. தும்பி பிடிக்கக் கொண்டுவந்த வலையின் கம்பைக் கழற்றி மடித்தாள். "வேற எங்கயாச்சும் இருக்கும்ணே" என்றாள். நாலு நாள் நடந்த கால்கள் மூன்று பேருக்கும் வலித்தன. நான் அழுதேன். ஓபெட் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

"புதரையாவது ஒரு படம் எடுத்துக் குடுங்க" என்றாள். "இங்கதான் இருந்துச்சுன்னு எழுதணும்."

வெறும் சேற்றில் படுத்தேன். கேமராவில் கண்ணை வைத்தேன். குறுக்கே ஒரு புல் சாய்ந்திருந்தது. என் வழக்கம் தெரிந்த ஓபெட் அதை விலக்கக் கையை நீட்டினான்.

"தொடாதடா!"

அவன் கையைச் சுட்டதுபோல் இழுத்துக்கொண்டான். அந்தப் புல்லை அப்படியே விட்டுத்தான் படம் எடுத்தேன். கோரையும் குறுக்கே அந்தப் புல்லும்தான் படத்தில் இருக்கின்றன.