துவார்தேயின் கேள்விகள்

சனிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் ரிம்மா சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். மடிக்கணினியை ரொட்டிப் பெட்டி மேல் சாய்த்து வைப்பாள், தலையை வாருவாள், உதட்டுக்குக் கொஞ்சம் சாயம். பிறகு ஆங்கிலம் ஆரம்பித்துவிடும். ரஷ்யாவில் ஸரேச்யே என்ற சிறு நகரத்துப் பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியை அவள். ரஷ்யர்கள் எப்படி வாழ்கிறார்கள், என்ன தின்கிறார்கள், ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்று வெளிநாட்டுக்காரர்களுக்கு இணையத்தில் விளக்கிச் சொல்வது அவளுடைய பொழுதுபோக்கு. முதலில் நாலு பேர் கேட்டார்கள். இப்போது பிரேசில், துருக்கி, போர்ச்சுகல் என்று கூட்டம் சேர்ந்துவிட்டது.

அவள் கணவன் ஸகாருக்கு ஆங்கிலத்தில் ஒரு அட்சரம் தெரியாது. நகரத்துக் குடியிருப்புகளில் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். சனிக்கிழமைகளில் கூடத்தில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருப்பான். காது மட்டும் சமையலறையில் இருக்கும். பேச்சு அவனை உறுத்தவில்லை. சிரிப்புதான் உறுத்தியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி, கடைசியில் விக்கலில் முடிகிற சிரிப்பு. கல்யாணமான புதிதில் அதைக் கேட்டிருக்கிறான். அந்தச் சிரிப்பு செத்துப்போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தான். சாகவில்லை, வேறு வீட்டுக்குக் குடிபோயிருக்கிறது.

அந்தச் சிரிப்புக்கு முன்னால் பெரும்பாலும் ஒரு பெயர் வந்தது. துவார்தே.

"யாரு அது, துவார்தே?" என்று ஒருநாள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டான்.

"போர்ச்சுகல்ல போர்த்தோ ஊர்க்காரர். பெண்டாட்டி இறந்துட்டா. சும்மா கேள்வி கேட்டுக்கிட்டே இருப்பாரு. நாம ஏன் தெருவுல சிரிக்கறதில்ல, சூப்புல ஏன் புளிச்ச பாலாடை போடறோம், இப்படி."

"அவங்க ஊர்ல கேக்க ஆளே இல்லையா?"

"இருந்திருந்தா என்கிட்ட ஏன் வராரு?" என்றாள் ரிம்மா.

ஸகார் உரித்த கிழங்கு கோலிக்குண்டு அளவுக்குச் சுருங்கிவிட்டது.

கூட வேலை பார்க்கும் தீகோனிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டான். தீகோனுக்கு அந்த வாரம் முழுக்க அதுவே தீனி. "ஏம்ப்பா ஸகார், உலகமே உன் வீட்டுக்காரிகிட்ட பாடம் படிக்குது, நீ ஒருத்தன்தான் ஃபெயிலு!" என்று லிஃப்ட் கம்பிக்கயிற்றுக்கு எண்ணெய் போட்டபடி கத்துவான். பிறகு அவனே பாவம் பார்த்து, இணையத்தில் கிடக்கும் அவள் வீடியோக்களுக்கு அடியில் ரஷ்ய எழுத்து வரவழைப்பது எப்படி என்று ஸகாருடைய கைபேசியில் காட்டிக்கொடுத்தான். "மெஷின் பண்ற மொழிபெயர்ப்பு. பாதி உளறும். மீதியை நீயே பிடிச்சுக்க."

அன்றிலிருந்து ஸகார் மதிய இடைவேளைகளில் ஒன்பது மாடிக் கட்டடத்து உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்து தன் மனைவியைப் பார்த்தான். ஒரு கையில் சாசேஜ் வைத்த ரொட்டி, ஒரு கையில் கைபேசி. மெஷின் நிஜமாகவே உளறியது. "என் கணவர் ஒரு மின்தூக்கி" என்று ஓரிடத்தில் வந்தது. "அவர் மேலே போகிறார், கீழே வருகிறார், பேசுவதில்லை." அதற்கு எல்லோரும் சிரித்தார்கள்.

துவார்தே மாநிறம், நரைத்த தாடி. ரிம்மா பேசும்போது கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் அப்படிக் கேட்ட விதம் ஸகாருக்குத் தொண்டையில் மீன்முள்ளாகக் குத்தியது. "உங்கள் கணவர் பூ வாங்கி வருவாரா?" என்று ஒரு வீடியோவில் கேட்கிறான். "மார்ச் எட்டாம் தேதி, மகளிர் தினத்துக்கு மட்டும். மற்ற நாளெல்லாம் முட்டைக்கோஸ்" என்கிறாள் ரிம்மா. மறுபடியும் சிரிப்பு.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருந்திருப்பான். ஆனால் ஒரு பழைய வீடியோவில், ரஷ்யர்கள் ஏன் லேசில் ஊர் மாறுவதில்லை என்று யாரோ கேட்டதற்கு ரிம்மா தன் கதையைச் சொல்லியிருந்தாள். யாரோஸ்லாவ்ல் நகரத்தில் ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனம் அவளை வேலைக்குக் கூப்பிட்டதாம். இரண்டு மடங்கு சம்பளம். யோசித்துவிட்டு வேண்டாம் என்று எழுதிவிட்டாளாம். "நான் அழுதேன், பின்பு ஊறுகாய் போட்டேன்" என்று எழுத்து ஓடியது.

ஸகார் அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டான். மெஷின் உளறல் என்று நினைக்கத்தான் பார்த்தான். யாரோஸ்லாவ்ல் என்ற சொல் அவள் வாயில் தெளிவாகவே கேட்டது. கூடவே படுத்துத் தூங்குகிறவனுக்குத் தெரியாத சமாச்சாரம், போர்த்தோவில் உள்ளவனுக்குத் தெரிந்திருக்கிறது!

செப்டம்பரில் ரஷ்யாவைச் சுற்றிப் பார்க்க என்று துவார்தே நேரிலேயே வந்து இறங்கினான்.

ஸகார் அவனை மடக்கத் தயாராகத்தான் இருந்தான். வெளிநாட்டுக்காரன் கட்டாயம் ஏதாவது தப்புப் பண்ணுவான், ரிம்மாவுக்கு முன்னால் அசடு வழிவான் என்று காத்திருந்தான். வந்தவன், வாசற்படிக்கு மேல் கைகுலுக்கினால் ஆகாது என்பது தெரிந்து, அதைத் தாண்டி உள்ளே வந்த பிறகுதான் கை நீட்டினான். கேட்காமலே காலணியைக் கழற்றி, ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டான். ரிம்மாவுக்குச் சாமந்திப் பூச்செண்டு; ஸகார் மனதுக்குள் எண்ணிப் பார்த்தான், ஒற்றைப்படைதான். இரட்டைப்படையில் பூவைக் கொண்டுபோவது இழவு வீட்டுக்கு என்பது வரை சொல்லிக்கொடுத்திருக்கிறாள்!

"ஸகார்... நான்... மிகவும் மகிழ்ச்சி," என்றான் துவார்தே, தட்டுத் தடுமாறிய ரஷ்ய மொழியில்.

"நானும்தான்," என்றான் ஸகார், பல்லைக் கடித்துக்கொண்டு.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, நகரத்தில் தேர்தல். துவார்தே பார்க்க ஆசைப்பட்டதால் மூன்று பேருமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். ஒலிபெருக்கியில் பழைய பாட்டு, நடைவழியில் மலிவு விலைக்குப் பணியாரம், தெரிந்தவர்கள் எல்லாம் அங்கே. துவார்தேக்கு எல்லாமே அதிசயம். ரிம்மா அவன் காதோரம் குனிந்து விளக்கிக்கொண்டே வந்தாள். ஸகார் இரண்டடி பின்னால், கையில் முட்டைக்கோஸ் பணியாரப் பொட்டலத்தோடு. அஞ்சலகத்துக்காரி தமாரா அவனை நிறுத்தி, "ரிம்மா டீச்சரோட வராரே, சொந்தக்காரரா?" என்று கேட்டாள். "ஆமா. எனக்கு விட்ட குறை, தொட்ட குறை," என்றான் ஸகார்.

மதியம் வீட்டில் காளான் சூப், மீன் ஊறுகாய், குளிர்ந்த வோட்கா. இரண்டாவது கோப்பை இறங்கியதும் துவார்தே ஏதோ கேட்டான்.

"நீ யாருக்கு ஓட்டுப் போட்டேன்னு கேக்கலாமாங்கிறாரு," என்றாள் ரிம்மா.

"அதை நான் என் பெண்டாட்டிக்கே சொன்னதில்லைன்னு சொல்லு."

சொன்னாள். துவார்தே சிரித்துவிட்டு அவள் பக்கம் திரும்பினான். அவள் ஆங்கிலத்தில் சுருக்கமாக என்னவோ பதில் சொல்ல, அவன் புருவம் உயர்ந்தது.

"இப்ப என்ன சொன்னே?" என்றான் ஸகார்.

"சீட்டுல இருந்த எல்லாப் பேரையும் அடிச்சுட்டுப் பெட்டியில போட்டேன்னு சொன்னேன்."

"அடிச்சுட்டியா? எப்போலேர்ந்து இந்தப் பழக்கம்?"

"பிரசவ வார்டை இழுத்து மூடினாங்களே, அப்போலேர்ந்து."

"அதுக்கு? நகரசபைக்காரன் மூடினானா? அவனாவது நம்ம தெருவுக்குத் தார் போட்டான்."

"தாரா! தேர்தலுக்கு முந்தின வாரம், கொட்டற மழையில, குட்டைத் தண்ணியைக்கூட இறைக்காம அது மேலயே ஊத்தினாங்களே, அந்தத் தாரா? அதுக்கா போட்டே?"

"வேற யாரு இருக்கா? பேரு தெரியாதவனுக்குப் போடச் சொல்றியா?"

"பேரைத் தெரிஞ்சுக்க நீ என்னைக்காவது முயற்சி பண்ணினியா?"

ஸகார் கரண்டியை வைத்துவிட்டான். சண்டை பிரசவ வார்டிலிருந்து பேருந்துக்கு, பேருந்திலிருந்து ஓய்வூதியத்துக்கு, அங்கிருந்து மறுபடி தாருக்குத் தாவியது. துவார்தே நடுவில் "என்ன? என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டுப் பார்த்தான். "அப்புறம், அப்புறம்," என்று ரிம்மா திரும்பிப் பார்க்காமலே ரஷ்ய மொழியிலேயே சொல்லிக் கையை ஆட்டினாள். அவன் சூப்பில் ஆடை படிந்தது.

வார்த்தை வளர்ந்த வேகத்தில் ஸகாருக்கு உள்ளே அடக்கி வைத்திருந்தது வாயில் வந்துவிட்டது. "எல்லாத்தையும் இவன்கிட்டதான் சொல்லுவே! யாரோஸ்லாவ்ல் வேலையைக்கூட!"

ரிம்மாவின் முகம் மாறியது. "அது உனக்கு எப்படித் தெரியும்?"

"பாத்தேன். லிஃப்ட் ரூம்ல உக்காந்து எல்லாத்தையும் பாத்தேன். அழுதியாம், ஊறுகாய் போட்டியாம். நான் ஒரு மின்தூக்கியாம். மேல போறேனாம், கீழ வரேனாம்."

"மின்தூக்கியா?"

"எழுத்துல அப்படித்தான் வந்துச்சு."

ரிம்மா உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மேசை விளிம்பில் நெற்றியை வைத்துச் சிரித்தாள். விக்கல் வந்தது. ஸகார் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான். கோபத்தில்தான் கொடுத்தான், ஆனாலும் அவனுக்கு உள்ளுக்குள் ஏதோ இளகியது.

குடித்து முடித்ததும் அவள் சொன்னாள்: "அவங்ககிட்டச் சொல்றது சுலபம், ஸகார். கேட்டுட்டுத் திரையை அணைச்சுட்டுப் போயிடுவாங்க. உன்கிட்டச் சொன்னா அன்னிக்கு ராத்திரியும் உன் முகத்தைப் பாக்கணும், மறுநாளும் பாக்கணும். போகச் சொல்லிடுவியோன்னு ஒரு பயம். போகாதேன்னு சொல்லிட்டா அதுவும் பயம்."

"போகாதேன்னுதான் சொல்லியிருப்பேன்," என்றான் ஸகார் கொஞ்சம் யோசித்து. "தப்புதான். ஆனா அப்படித்தான் சொல்லியிருப்பேன்."

"தெரியும். அதான் சொல்லல."

துவார்தே இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். வீடியோவில் கன்னத்தில் கை வைத்திருக்கும் அதே ஆள், இப்போது தெருவில் நின்று பிறத்தியார் வீட்டு ஜன்னல் வெளிச்சத்தைப் பார்க்கிறவனைப் போல இருந்தான். ஸகார் அந்தப் பார்வையை உடனே அடையாளம் கண்டுகொண்டான். அவனுக்குப் பரிச்சயமான பார்வை. எழுந்து துவார்தேயின் சூப்பைத் திரும்ப அடுப்பில் ஏற்றினான்.

வியாழக்கிழமை துவார்தேயை ரயிலேற்றினார்கள். ஸகார் அவனைக் கட்டிப்பிடித்து முதுகில் பலமாகத் தட்டி, வழிக்கு ஒரு புட்டி தேன் கொடுத்தான். மனதார ஒரு நிமிடம் வருத்தமும் பட்டான். அப்புறம் ரயில்பெட்டி வாசலில் நின்ற துவார்தே குனிய, ரிம்மா நுனிக்காலில் எம்பி அவன் காதில் என்னவோ சொன்னாள். ரயில் நகர்ந்தது.

"என்ன சொன்னே அவன் காதுல?"

"பத்திரமாப் போங்கன்னு சொன்னேன்."

"அதுக்கு அவ்வளவு நீளமாவா சொல்லணும்?"

"இங்கிலீஷ்ல நீளம்தான்."

ஸகார் நடைமேடையில் விறுவிறுவென்று முன்னால் நடந்தான். பேருந்து நிறுத்தத்தில் இரண்டு பேர் தள்ளி நின்றான். பேருந்து வந்து, ஏறி, ரிம்மாவுக்கு ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, முன்சீட்டுக்காரிக்குக் கேட்காத குரலில் மறுபடியும் ஆரம்பித்தான்:

"இல்ல, நிஜமா என்னதான் சொன்னே?"