பொங்காத பால்

பால் எங்கே பொங்கியது? இவர் வேறு யாருடைய நாவலையோ படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்.

இப்படி நினைத்தபடி அவள் போனைக் காதோடு வைத்துக்கொண்டிருந்தாள். மறுமுனையில் பதிப்பாசிரியர் பேசிக்கொண்டே போனார். எழுதுகிறவர்கள் நடுவே அவருக்குக் 'கத்தரி' என்று பட்டப்பெயர். அவர் கைக்குப் போய் நாற்பது பக்கமாவது இளைக்காமல் திரும்பிய நாவல் கிடையாது.

"மூணு வருஷம் முன்னாடி முதல் டிராஃப்ட் குடுத்தீங்களே, அதுல அம்மா வீட்டை விட்டுப் போறப்ப அடுப்புல பால் பொங்கி வழியும். பிள்ளைங்க ரெண்டும் பார்த்துக்கிட்டே நிக்கும். எனக்கு ரெண்டு நாள் மனசே சரியில்லைம்மா. இப்ப மூணாவதுல அந்தம்மா நிதானமா அடுப்பை அணைச்சிட்டுப் போறாங்க. யார் கேட்டா? பழையபடி பாலைப் பொங்க விடுங்க. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். இந்த வருஷப் புத்தகப் பட்டியல்ல கடைசி இடம் உங்களுக்காகத்தான் பிடிச்சு வெச்சிருக்கேன்."

"கத்தரி எப்ப சார் ஒட்டுப்போட ஆரம்பிச்சுது?"

"வெள்ளிக்கிழமை," என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

அவள் திருத்தும் விதம் அப்படி. ஒரு வரைவு முடிந்ததும் கயிறு போட்டுக் கட்டி அக்காவிடம் கொடுத்துவிடுவாள். அடுத்த வரைவை, பழையதில் ஒரு வரிகூடப் பார்க்காமல், ஞாபகத்திலிருந்தே முதல் பக்கத்திலிருந்து எழுதுவாள். மறந்து போனது கதைக்கு வேண்டாதது என்பது அவள் கணக்கு.

நாவலில் மற்றதெல்லாம் கற்பனை. அந்தச் சமையலறை மட்டும் அவள் ஐந்து வயதில் நின்ற சமையலறை. பிற்பகல்களில் கண்ணை மூடிக்கொண்டு அதற்குள் நுழைவாள். ஒவ்வொரு வரைவிலும் ஜன்னல் கொஞ்சம் நகர்ந்திருக்கும். வெளிச்சம் ஒருமுறை தரையில் கிடக்கும். இன்னொருமுறை பாத்திரத்தின் விளிம்பில் தொற்றிக்கொண்டு நிற்கும். அம்மா எப்போதும் முதுகைக் காட்டியபடி, தோளில் பையோடு. மூன்றாவது முறை அந்தக் கை தானாக நீண்டு அடுப்பின் குமிழைத் திருப்பியது. நீலச் சுடர் பூ கூம்புவதுபோல் சுருங்கி உள்ளே போய்விட்டது. அவள் அதை யோசித்து எழுதவில்லை, கண்டதை எழுதினாள். முதல் வரைவில் அம்மா அணைக்காமல் போயிருந்தாள் என்பதே அவளுக்கு மறந்துவிட்டிருந்தது.

மறுநாள் அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அன்று விடுமுறை.

"என்னடி, அத்தி பூத்த மாதிரி?"

"முதல் கட்டை எடுத்துக் குடுக்கா. ஒரு பக்கம் பார்க்கணும்."

கட்டு அலமாரியின் உச்சியில், கம்பளிகளுக்குப் பின்னால் இருந்தது. அக்கா ஸ்டூலைத் தரதரவென்று இழுத்துப் போட்டு ஏறினாள்.

"இந்த உயரத்தை வெச்சுக்கிட்டு எப்படிக்கா பிரேக்கை மிதிக்கிறே?"

"தலையணை வெச்சுக்குவேன். பக்கத்துல உக்கார்றவங்கதான் சாமியைக் கும்பிட்டுக்குவாங்க, எனக்கென்ன?"

மூன்று வருஷமாகக் கட்டைப் பிரித்தே பார்க்காத அக்கா, என்ன தோன்றியதோ, ஸ்டூலில் நின்றபடியே பிரித்து, அந்தப் பக்கத்தைத் தேடி, தாளை எட்டப் பிடித்து வாசித்தாள். பால் பொங்கி வழிந்தது. பிள்ளைகள் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

"பொய்," என்றாள் அக்கா.

"கதைதானேக்கா."

"கதையா இருந்தா? பால் ஒண்ணும் பொங்கல. நான்தான் அணைச்சேன். எட்டு வயசு, கை எட்டல. இதோ, இப்படித்தான் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். நீ வாசல்ல நின்னு அம்மா போன பக்கமே பார்த்துக்கிட்டிருந்தே. அப்புறம் பாலை ஆத்திக் குடுத்தேன். ஒரு சொட்டு விடாம குடிச்சே."

அவளுக்கு எதுவும் ஞாபகம் வரவில்லை. நாக்கில் மட்டும் மெல்லிய பாலாடை ஒன்று ஒட்டிக்கொண்டாற்போல் இருந்தது.

"இப்ப எழுதினதுல அம்மாவே அணைச்சிட்டுப் போறாங்கக்கா."

அக்கா தாள்களை அடுக்கிக் கயிற்றைக் கட்டினாள். முடிச்சுப் போடக் கொஞ்சம் நேரமாயிற்று.

"அப்படியே இருக்கட்டும்டி. பாவம், அம்மாவே அணைச்சதா இருக்கட்டும். நான் எதுக்கு நடுவுல?"

திரும்பும்போது பஸ் ஜன்னலில் தலை சாய்த்தாள். பாதித் தூக்கத்தில் சமையலறை வந்தது. அம்மா போய்விட்டிருந்தாள். நுரை விளிம்புவரை ஏறிக்கொண்டிருந்தது. முதல் தடவை அம்மாவைத் தண்டிக்க எழுதினோம், மூன்றாம் தடவை மன்னிக்க எழுதினோம் என்று அவளுக்குத் தோன்றியது. இரண்டு தடவையும் கண் வாசலிலேயே இருந்தது. முதுகுக்குப் பின்னால் ஸ்டூல் தரையில் உரசும் சத்தம் கேட்டும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மறந்தது வேண்டாதது என்ற கணக்கு உதைத்தது. அந்த ஐந்து வயதிலிருந்து இன்றுவரை ஒரு பிள்ளையை ஸ்டூல் மேலேயே நிற்க வைத்திருக்கிறோமே.

பஸ் குலுங்கியதில் கண் திறந்துகொண்டது. இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை கத்தரி கூப்பிட்டார்.

"என்னம்மா, பால் பொங்கிடுச்சா?"

"இல்லை சார். பொங்காது."

"சரி, உங்க பிடிவாதம். அம்மா அணைச்சதாவே அனுப்பிடவா?"

"அதுவும் வேண்டாம் சார்."

"இன்னிக்கு விட்டா அடுத்த வருஷம்தான். அதுவும் என் கையில இல்லை. தெரியுமில்ல?"

"தெரியும் சார். அந்தச் சமையலறையில ஒரு பொண்ணு இருக்கா. நான் பார்க்காம விட்டுட்டேன். அடுப்பை அணைச்சது அவதான்."

"அட, இவ்வளவுதானா? ஒரு வரி. போன்லயே சொல்லுங்க, நானே சேர்த்துடறேன்."

மேஜையில் வெற்றுத்தாள் இருந்தது. மேலே 'அத்தியாயம் ஒன்று' என்று மட்டும் எழுதியிருந்தாள்.

"ஒரு வரியில அவ ஏறி நிக்க முடியாது சார்," என்றாள் மெதுவாக.