பூசினாற்போல ஒரு குமார்

அந்தப் படத்தில் எல்லோருக்கும் இருபது வயதுதான். நல்லம்பள்ளி கபடிக் குழு, ஜெயித்த கோப்பையோடு வரிசையாக நிற்கிறது. ஆனால் இருபது வருஷத்துக்கு மேலாகி, பழைய குழு ஒன்றுகூடிய கல்யாண மண்டபத்துத் திரையில் விழுந்தபோது ஒவ்வொருவனும் அரிசி மூட்டை மாதிரி உப்பியிருந்தான்.

"மச்சான், நேத்து எடுத்த போட்டோ மாதிரியே இருக்குதுடா!" என்று முருகேஷ் தன் தொப்பையைத் தட்டிக் காட்டினான். பழைய ஆட்டக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். லேப்டாப் முன்னால் இருந்த பிரபாகருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

முன்வரிசையில் நிர்மலாதேவி உட்கார்ந்திருந்தாள். படத்தில் இருக்கும் குமாரின் மனைவி. கல்யாணமான இரண்டாம் வருஷமே பைக் விபத்தில் குமார் போய்விட்டான். அதற்கப்புறம் இந்த நண்பர்கள் கூடும் இடத்துக்கு அவள் வருவது இதுதான் முதல் தடவை. "வாங்க தங்கச்சி, நம்ம குமார பெரிய திரையில பாக்கலாம்" என்று பிரபாகர்தான் வருந்தி அழைத்திருந்தான். குழுவில் குமாருக்கு ஈர்க்குச்சி என்று பேர். எத்தனை பேர் மடக்கினாலும் நழுவி வந்துவிடுவான். அவனைப் போய் இப்படி ஊதிக் காட்டினால் இவள் மனசு என்ன பாடுபடும்?

புரொஜெக்டர் அகலத்திரை வகை. பழைய லேப்டாப் அனுப்பிய அகலம் குறைந்த படத்தை அது இழுத்து நிரப்பிக்கொண்டது. அதற்குச் சரியான அளவு லேப்டாப் காட்டிய பட்டியலிலேயே இல்லை. பிரபாகர் செட்டிங்ஸுக்குள் புகுந்து, நாமே அளவு கொடுக்கும் கஸ்டம் ரெசல்யூஷனைத் தேடிப்பிடித்து, 1280, 720 என்று தானே அடித்தான். திரை சட்டென்று இருண்டது. போச்சுடா, என்று நினைத்தான்.

வெளிச்சம் வந்தபோது எல்லோரும் மெலிந்திருந்தார்கள். சிரிப்பு அடங்கியது. விலா எலும்பு தெரிய, கோப்பையை இடுக்கிக்கொண்டு, அதே பழைய ஈர்க்குச்சி. மண்ணும் வேர்வையுமாக பாப்பிரெட்டிப்பட்டி ஆட்டத்தில் ஜெயித்து லாரியில் பாடிக்கொண்டே வந்த அந்த ராத்திரி பிரபாகருக்கு ஞாபகம் வந்தது. என்ன நாட்கள் அவை!

"அண்ணா, மொதல்ல இருந்த மாதிரியே வைங்கண்ணா" என்றாள் நிர்மலாதேவி.

"அது தப்பா தெரிஞ்சதும்மா. இதுதான் குமாரு."

"இவரைத்தான் வூட்ல மாட்டி வெச்சிருக்கேனே, தெனம் பாக்கறேன். உங்களுக்கெல்லாம் வயசாயிடுச்சு, தொப்பை வந்துடுச்சு. அவரும் இருந்திருந்தா..."

பிரபாகர் பழைய அளவுக்கே மாற்றினான். கன்னம் உப்பி, இடுப்பு பெருத்து, நாற்பதைத் தாண்டிய ஆளாகக் குமார் தன் கூட்டாளிகளோடு நின்றான். பந்திக்குக் கூப்பிட்டார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை.

நிர்மலாதேவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பூசினாப்ல நல்லாத்தான் இருக்காரு" என்றாள்.