படியிறங்கி வந்த கமிட்டி

பூட்டுக்காரருக்கு இடது கால் போய் ஏழு மாதம் ஆகிவிட்டது. லாரி இடித்து, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வைத்தியச் செலவுக்குச் சாவி வெட்டும் மெஷினும் கைவிட்டுப் போனது. வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டார், வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் ஆளைத் தின்றது.

மனைவிதான் பேச்சை எடுத்தாள். "பள்ளிவாசல் கமிட்டியில வட்டியில்லாம கடன் குடுக்குறாங்களாம். கேட்டுத்தான் பாப்போமே."

"நாம அவங்க மார்க்கம் இல்லையே."

"அதை அவங்க சொல்லட்டும். நீங்க ஏன் முந்திக்கிறீங்க?"

வியாழக்கிழமை சாயங்காலம் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள். கமிட்டி அறை மாடியில் இருந்தது. ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய குறுகல் படி. அதைப் பார்த்ததும் பூட்டுக்காரருக்கு முகம் சுண்டிவிட்டது.

"வா, போயிடலாம்."

அவள் காதில் போட்டுக்கொள்ளாமல் மேலே ஏறிவிட்டாள்.

சற்று நேரத்தில் படியில் செருப்புச் சத்தம். முன்னால் கமிட்டித் தலைவரான இரும்புக்கடைக்காரர். பின்னால் பள்ளிக்கூட டீச்சரம்மா, மருந்துக்கடைக்காரர், நோட்டும் கையுமாகச் செயலாளர், கடைசியாக மனைவி. கமிட்டிக்காரர்கள் நாலு பேரும் கீழ்ப்படிகளில் இடம்பிடித்து உட்கார்ந்தார்கள். தெருவில் போனவர்கள் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள்.

"கூட்டம் இங்கயே நடக்கட்டும். சொல்லுங்கண்ணே," என்றார் தலைவர்.

வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்த பேச்சு, தனக்காக இறங்கி வந்த அந்த நாலு பேரைக் கண்டதும் மறந்தே போனது. "ஒரு மெஷின்... வாங்கணும்," என்று மட்டும் வந்தது.

"வாங்கிடலாம். முடிஞ்சப்போ கொஞ்சங்கொஞ்சமா திருப்பிக் குடுங்க," என்றார் டீச்சரம்மா. "எங்க வச்சு வேலை பாப்பீங்க?"

பழைய கடையில் வேறு ஆள் குடியேறி நாளாயிற்று.

தலைவர் படிக்குப் பக்கத்திலிருந்த கதவைக் காட்டினார். "இது வக்பு இடம்ண்ணே. ஒரு அம்மா இறைவன் பேர்ல எழுதி வச்சது. கஷ்டப்படுறவங்களுக்குப் பயன்படணும்னு மட்டுந்தான் எழுதியிருக்காங்க, யாரு எவருன்னு பிரிக்கல. உள்ள உடைஞ்ச நாற்காலிதான் கிடக்கு. ஆனா..."

"ஆனா?"

செயலாளர் தலையைச் சொறிந்தார். "சாவி தொலைஞ்சு மூணு வருஷமாச்சு."

பூட்டுக்காரர் ஏழு மாதத்தில் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். சக்கர நாற்காலியில் மாட்டியிருந்த பையிலிருந்து இரண்டு கம்பிகளை எடுத்தார். துருப்பிடித்த பூட்டு கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு வாயைத் திறந்தது.

மருந்துக்கடைக்காரர் பெருமூச்சு விட்டார். "நல்லவேளை, நீங்க நல்லவரு."

மனைவி சிரித்துக்கொண்டே அழுதாள்.

அடுத்த மாதமே கடை திறந்தாயிற்று. வாசலில் சிமெண்டுச் சரிவு போட்டுக் கொடுத்தார்கள். கமிட்டியும் அதன்பிறகு மாடிக்குப் போகவில்லை. வியாழக்கிழமைதோறும் அவர் கடை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தது. ஊன்றுகோல்காரர் வந்தார், நிறைமாதக்காரி வந்தாள், மூச்சிரைக்கும் பெரியவர் வந்தார்.

கேட்க வருகிறவர்களின் குரல் எவ்வளவு சன்னமாக இருக்கும் என்று பூட்டுக்காரருக்குத் தெரியும். யாராவது தயங்கித் தயங்கி வந்து நின்றால், கையில் எவ்வளவு அவசர வேலை இருந்தாலும் மெஷினை நிறுத்திவிடுவார்.