பஸ்ரியன் ஓடாவி வைத்த மூக்கு

தாழ்வுபாட்டுக் கடற்கரையில் தோணி கட்டும் பஸ்ரியன் ஓடாவி, பங்குச் சாமியார் கொண்டுவந்த வரைபடத்தை விரித்ததும் முகத்தைச் சுளித்தார். தோணிக்கு மூக்கே இல்லை. முன்பக்கம் பன்றிக்குத் தவிடு வைக்கிற தொட்டி மாதிரி மொட்டையாக இருந்தது.

"சாமி, படம் கீறினவன் அவசரத்திலை மூக்கை மறந்துபோனான்."

"மறக்கேல்லை. இது பிள்ளையள் பாய் விரிச்சு ஓட்டுறதுக்கெண்டு அமெரிக்காவிலை கீறினது. டென்மார்க்காரர் கண்டு கொண்டுபோக, இப்ப உலகமெல்லாம் ஓடுது. எங்கை கட்டினாலும் ஒரே அளவுதான். மாசியிலை எங்கடை கரையிலையும் போட்டி வருகுது. உங்கடை பிரான்சிஸ்காவும் ஓடட்டும்."

மகள் பிரான்சிஸ்காவுக்குப் பதினொரு வயது. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு தண்ணீர் நினைவில்லை, பாயும் கயிறும்தான். மகளுக்காகப் பஸ்ரியனும் கட்டத் தொடங்கினார். அளவு ஓர் இம்மி பிசகவில்லை. ஆனால் மனம் கேட்டால்தானே? மொட்டைத் தோணி ஒன்று தன் கொட்டிலிலிருந்து இறங்கினால் மானம் கப்பலேறிவிடும் என்று பயந்தார். முன்பக்கத்தை அடைக்காமல், ஒன்றரை அடி நீட்டி, அழகான கூர்மூக்கு ஒன்றை வைத்துவிட்டார்.

"படத்திலை இப்பிடி இல்லையே அப்பா," என்றாள் பிரான்சிஸ்கா.

"நீ சும்மா இரு பிள்ளை."

போட்டியன்று காலை, தோணிகளை அளக்கக் கொழும்பிலிருந்து வந்த அளவுகாரர் அப்துல் ஹமீட் நாடாவைப் பிடித்துப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"ஓடாவியார், வேலை அருமை. ஆனா ஏழேமுக்கால் அடிக்கு மேல போகக்கூடாது. இதை ஓட விட ஏலாது."

"மூக்கில்லாததும் ஒரு தோணியோ?"

"பிளைவூட் பலகை எட்டடிதானே வரும். ரெண்டு பலகைக்குள்ள முழுத் தோணியும் அடங்கணும், கையில காசில்லாத தகப்பனும் பிள்ளைக்குக் கட்டிக் குடுக்கணும். அதுக்குத்தான் மூக்கை விட்டது."

பஸ்ரியனுக்கு வெட்கமாகிவிட்டது. கீறினவனை மடையன் என்று நினைத்தோமே, அவனும் பிள்ளைகளை நினைத்தல்லவா கீறியிருக்கிறான். பிரான்சிஸ்கா அழவில்லை. பாயை அவிழ்த்து மடிக்கத் தொடங்கினாள். அவள் அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"எத்தினை மணிக்குப் போட்டி?"

"காத்து எழும்பினதும். ஒரு மணித்தியாலம் இருக்கும்."

பஸ்ரியன் மரமறுக்கும் வாளை எடுத்தார். தான் வைத்த மூக்கைத் தானே அறுத்தார். ஊரே சுற்றி நின்று பார்த்தது. மூக்கு மணலில் விழுந்தது. அது போன இடத்தில் பெரிய ஓட்டை. அடைக்க அகலப் பலகை வேண்டும். கொட்டில் முழுக்கத் தேடியும் துண்டு துணுக்குகள்தான் கிடைத்தன.

வாசலுக்கு வந்து நிமிர்ந்து பார்த்தார். 'பஸ்ரியன், தோணி ஓடாவி' என்ற பெயர்ப்பலகை இருபது வருடமாக அங்கே தொங்கியது. ஏறி ஆணிகளைப் பிடுங்கினார்.

அளவுக்கு அறுத்ததில் 'பஸ்ரியன்' மட்டும் மிஞ்சியது. அதை முன்பக்கத்தில் அறைந்து, இடுக்கெல்லாம் தார் பூசினார். ஹமீட் மறுபடி அளந்தார்.

"ஏழேமுக்கால். பாயைக் கட்டு மகள்."

ஏழு தோணிகள் போயின. தூரத்தில் திரும்பியபோது எல்லாம் ஒரே மாதிரி மொட்டையாகத் தெரிந்தன. எது யாருடையதென்று யாருக்கும் விளங்கவில்லை. கிட்ட வர வர, இரண்டாவதாக வந்ததன் முகத்தில் மட்டும் எழுத்துத் தெரிந்தது. கரையில் நின்ற சனம் எழுத்துக்கூட்டி வாசித்து, பிறகு அந்தப் பெயரையே சொல்லிக் கூப்பிடத் தொடங்கியது. பஸ்ரியன் உடுத்திருந்த சாரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மீன் வியாபாரி தாவூது பக்கத்தில் வந்தார். "ஓடாவியார், என்ட மகளுக்கும் ஒண்டு கட்டித் தாங்க."

"தாறன். ஆனா மூக்கு வைக்கச் சொல்லிக் கேக்கப்படாது," என்றார் பஸ்ரியன்.