தவறுவதற்கு ஓர் இடம்

ஐம்பது தப்படிக்கு அப்பால் எதை வைத்தாலும் அடிப்பேன். தற்பெருமைக்குச் சொல்லவில்லை, எங்கள் வில் சங்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அடுத்ததையும் சேர்த்துத்தான் சொல்வார்கள்: அதே குறியைப் பத்துத் தப்படியில் கொண்டுவந்து வைத்தால், நான் அடிப்பது குறியை இல்லை, அதற்கு மேலே இருக்கும் வெற்றிடத்தை. அம்பு எப்போதும் மாடிக்குப் போகிறதாம். அதனால் எனக்கு 'மாடிக்காரர்' என்று பட்டம். நான் லிஃப்ட் மெக்கானிக் என்பதால் பட்டம் பிசின் போல ஒட்டிக்கொண்டது.

வெயில் காலத்தில் இதனால் ஒரு தொந்தரவும் இல்லை. மைதானத்தில் எல்லாமே தூரக் குறிகள். மழை பிடித்துக்கொண்டால்தான் வம்பு. சங்கம் மொத்தமும் ஒரு பழைய கிடங்குக்குள் போய்விடும். ஒரு காலத்தில் சிமெண்ட் மூட்டை அடுக்கிய இடம். இப்போதும் ஓங்கித் தும்மினால் தூசி கிளம்பும். உள்ளே இருக்கிற நீளமே பத்துத் தப்படிதான். ஒரு சுவரோரம் ஆள் உயரத்துக்கு நான்கு வைக்கோல் கட்டுகள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு காகித வட்டம். அங்கே புதன்கிழமை சாயங்காலங்களில்தான் ஊசி மேடம் எனக்குப் பாடம் சொல்ல ஆரம்பித்தார்.

ஊசி மேடம் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுப்பவர். என் வயதுதான், நாற்பதைத் தாண்டி இரண்டு மூன்று. ஒரு கல்யாணம் நடந்து முடிந்தும் போயிருந்தது. அதைப் பற்றி ஒரு வரிக்கு மேல் பேசமாட்டார். கிட்டக் குறியில் அவரை மிஞ்ச ஆளில்லை. எப்படி என்று கேட்டால் சிரிப்பார்.

"என் வேலையில கிட்டப் போய்க் குறி தவறினா, பேஷண்ட் எழுந்து நின்னு அடிப்பாரு."

எனக்கு முன்னால் அவர் சங்கத்தில் இருந்த ஒரு கண்ணாடிக் கடைக்காரருக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்த மனிதர் மூன்று அம்பும் நடுவட்டத்தில் போட்ட அன்று மேடம் அவர் கையைக் குலுக்கி, "உங்களுக்குச் சரியாயிடுச்சு" என்று சொல்லிவிட்டு நேராக என்னிடம் வந்தார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இது என் மனதில் நன்றாகப் பதிந்திருந்தது.

முதல் நாள் நான் ஆறு அம்பு விட்டேன். ஆறும் வட்டத்துக்கு மேலே, ஆளுக்கொரு திசையில் குத்தி நின்றன.

"நுனியை நேரா வட்டத்து மேலயே வெக்கிறீங்க," என்றார்.

"வேற எங்கங்க வெக்கிறது? அதைத்தானே அடிக்கணும்?"

"அம்பு உங்க வாயோரத்துல இருக்கு. கண்ணு அதுக்கு நாலு விரல் மேல. அப்போ நீங்க நேரா விடுறதா நினைக்கிற அம்பு கொஞ்சம் அண்ணாந்துதான் கிளம்புது. அம்பது தப்படி போறதுக்குள்ள அது தானா இறங்கிடும். அதான் அங்க நீங்க ராஜா. இங்க இறங்க அதுக்கு நேரம் ஏது?"

சட்டைப்பையிலிருந்து ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரியை எடுத்து ஒரு துண்டு கிழித்தார். நடுவட்டத்துக்குக் கீழே ஒன்றரைச் சாண் அளந்து, வைக்கோலில் ஒட்டினார்.

"கண்ணு வட்டத்துலயே இருக்கட்டும். நுனி மட்டும் இங்க."

அது பாதிப் பாடம்தான். மீதிப் பாதி என் அவசரம். நுனி இடத்துக்கு வந்ததும் வராததுமாக என் விரல்கள் நாணை விட்டுவிடும். அதனால் இரண்டு வாரம் வட்டமே கிடையாது. கட்டுக்கு மூன்று தப்படியில் நிற்கவைத்து, கண்ணை மூடிக்கொண்டு இழுத்து, எண்ணிவிட்டு விடச் சொன்னார். எண்ணுவது அவர். எனக்குப் பின்னால் நின்று, "ஒண்ணு... ரெண்டு..." என்று மெதுவாகச் சொல்வார். தோள்பட்டை எலும்புக்குப் பக்கத்தில் ஒரு விரலை வைத்து, "இந்த இடம் இழுக்கணும், கை இல்ல" என்பார். ஆஸ்பத்திரி சோப்பு வாசனை வரும். தகரக் கூரையில் மழை கொட்டும்.

எனக்கு அவரைப் பிடித்துப்போனது. சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. வியாழன் முதல் செவ்வாய் வரை நான் லிஃப்ட் கூண்டுகளின் தலைமேல் உட்கார்ந்து எண்ணெயும் கிரீஸுமாகக் கிடந்தேன். புதன் மட்டும் உயிரோடு இருந்தேன். அவர் விரல் வைத்த இடம் வேலை நேரத்தில் தானாகச் சூடாகும்.

வீட்டில் அக்காவுக்கு மூக்கு வியர்த்துவிட்டது. அவள் குடும்பத்தோடுதான் நான் இருக்கிறேன்.

"புதன்கிழமையானா மட்டும் சட்டைக்கு இஸ்திரி கேக்குது. வைக்கோல் கட்டு உன்னைப் பொண்ணு பாக்க வருதா?"

"சும்மா இரு அக்கா."

"நான் சும்மாதான் இருக்கேன். நீயும் சும்மா இருக்கியே, அதான்டா கவலை."

ஐந்தாவது வாரம் ஊசி மேடம் வரவில்லை. அவசர ட்யூட்டி என்று செய்தி அனுப்பியிருந்தார். நான் தனியாக நின்று, நுனியைப் பிளாஸ்திரியில் வைத்து, மனதுக்குள் அவர் குரலில் எண்ணி விட்டேன். நடுவட்டம். இரண்டாவதும் நடுவட்டம். மூன்றாவது முதல் அம்பை உரசிக்கொண்டு போய்க் குத்தியது.

ஒரு நிமிஷம் சந்தோஷம். அடுத்த நிமிஷம் கண்ணாடிக் கடைக்காரர் ஞாபகம் வந்தது. கை குலுக்கல், சரியாயிடுச்சு, அவ்வளவுதான். யாரும் பார்ப்பதற்குள் மூன்று அம்பையும் பிடுங்கிவிட்டேன்.

அடுத்த புதன் அவர் வந்து பின்னால் நின்றபோது நான் முடிவு செய்திருந்தேன். அழுத பிள்ளைக்குத்தான் பால். ஆனால் வேண்டுமென்றே தவறுவது நினைத்த மாதிரி சுலபமாக இல்லை. இருபது வருஷப் பழக்கம். எதையாவது குறி பார்க்காமல் என்னால் அம்பை விட முடியாது. அதனால் தவறுவதற்கும் ஓர் இடம் தேடினேன். காகிதத்துக்கு மேலே, கட்டைச் சுற்றிய கயிற்றில் ஒரு முடிச்சு இருந்தது. நுனியை அதற்குக் கீழே ஒன்றரைச் சாணில் வைத்து, அவர் "ரெண்டு" என்றதும் விட்டேன். முடிச்சில் போய்க் குத்தியது.

"ஐயோ," என்றார். "பரவாயில்ல. இன்னொண்ணு."

இன்னொன்றும் முடிச்சில்.

இப்படி ஆறு புதன்கள். அவர் சலிக்கவே இல்லை. பிளாஸ்திரியை ஒரு விரல் இறக்கி ஒட்டிப் பார்த்தார். மூன்று விரலையும் அம்புக்குக் கீழே போட்டு, கன்னத்து எலும்பு வரை ஏற்றி இழுக்கச் சொன்னார். நாணின் இழுவையைச் சோதித்தார். ஒரு நாள் தன் வில்லையே கொடுத்தார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நான் உள்ளுக்குள் புதிதாகக் கணக்குப் போட்டு, முடிச்சைத் தேடிப் பிடித்து அடித்தேன்; அம்பைப் பிடுங்கும்போது, விழுந்த குழியை வைக்கோல் திணித்து மூடினேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு துல்லியமாக நான் அடித்ததில்லை.

நடுவில் ஒரு நாள், டீ குடிக்கும்போது சொன்னார்.

"வேற ஊர்ல பெரிய ஆஸ்பத்திரி. லேபை மொத்தமா பாத்துக்கக் கூப்பிடுறாங்க. மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும்."

கோப்பையைக் கீழே வைத்தேன். "போவீங்களா?"

"தெரியல. இங்க எனக்குன்னு என்ன இருக்கு, சொல்லுங்க." கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு சிரித்தார். "உங்க அம்பு ஒண்ணுதான் பாக்கி. அதை இறக்காம போனா எனக்குத் தூக்கம் வராது."

என் மண்டைக்குள் ஏறியது அந்தக் கடைசி வாக்கியம் மட்டும்தான். அம்பு இறங்காதவரை அவர் போகமாட்டார்! அன்றைக்கு முடிச்சு கயிற்றிலிருந்தே தெறித்து விழுந்தது. வீட்டுக்கு வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் துணி மடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அவங்க உங்கிட்ட என்ன கேட்டாங்கன்னு உனக்குப் புரிஞ்சுதா?"

"நான் அடிக்காம இருக்கிற வரைக்கும் அவங்க இங்கதான்க்கா இருப்பாங்க."

"நீ லிஃப்டை நிறுத்தி வெச்சா, ஆளு படியில இறங்கிப் போயிடும்டா. போய் வாயைத் திறந்து சொல்லு."

சொல்லவில்லை. எத்தனையோ முறை தொண்டை வரை வந்தது. அவர் தூரத்தில், தன் இடத்தில் நின்று அடிக்கும்போதெல்லாம் சொல்ல வேண்டியது வரிசையாக வரும். பக்கத்தில் வந்து நின்றதும் எல்லாம் தலைக்கு மேலே போய்விடும். நான் வில்லில் மட்டும் மாடிக்காரன் இல்லை.

மாதத்தின் கடைசிப் புதன். வைக்கோல் கட்டுகளை வருஷத்துக்கு ஒரு முறை தலைகீழாகத் திருப்பி வைப்பார்கள். நடுப்பகுதி சீக்கிரம் நைந்துவிடும் என்பதற்காக. அன்று நான் உள்ளே நுழையும்போது சங்கச் செயலாளரும் ஊசி மேடமும் என் கட்டுக்கு முன்னால் நின்றிருந்தார்கள்.

"எலியா இருக்குமோ?" என்றார் செயலாளர். "மத்ததுக்கெல்லாம் நடுவுலதான் பள்ளம். இதுல மட்டும் மேல யாரு கிணறு வெட்டினது?"

காகிதம் இருந்த இடத்துக்கு மேலே, கயிற்று முடிச்சு முன்பு இருந்த இடத்தில், நான் திணித்த வைக்கோல் உதிர்ந்து, ஒரு கை போகிற அளவுக்குக் குழி. ஊசி மேடம் தன் கையை முஷ்டியாக மடக்கி அதற்குள் விட்டுப் பார்த்தார். சரியாகப் போனது. சுற்றிலும் பழைய அம்புத் துளைகள் சில மட்டும் இருந்தன; புதிதாக ஒரு அம்புகூட வேறெங்கும் குத்தியிருக்கவில்லை.

செயலாளர் அடுத்த கட்டுக்குப் போன பிறகு மேடம் என்னிடம் திரும்பினார்.

"அடிக்கத் தெரியாதவங்க போட்ட ஓட்டை இல்ல இது."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"எத்தனை வாரமா?"

"ஆறு."

"ஆறு வாரம்," என்றார். "புதன் சாயங்காலம் வர்றதுக்காக ஞாயித்துக்கிழமைக்கு ட்யூட்டி மாத்திக்கிட்டேன். என் சொல்லிக்குடுக்கிற லட்சணம்தான் சரியில்லன்னு வீட்டுல போய் உக்காந்து யோசிப்பேன். சிரிச்சீங்களா?"

"சத்தியமா இல்லைங்க." அப்போதுதான் வாய் திறந்தது. "எனக்குச் சரியாயிட்டா நீங்க அடுத்த ஆளுகிட்டப் போயிடுவீங்க. நீங்க பின்னால வந்து நிக்கணும். அதுக்குத்தான். வேற ஒண்ணும் இல்ல. எனக்கு உங்களை அவ்வளவு பிடிக்கும்."

கூரையில் மழை விட்டிருந்தது. சொட்டுகள் மட்டும் விழுந்துகொண்டிருந்தன. அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கோபப்படவில்லை. வைக்கோல் துரும்பைக் கையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார்.

"போன வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன்," என்றார் கடைசியில். "திங்கள் அங்க சேரணும். வீட்டையும் காலி பண்ணிட்டேன்."

உள்ளதும் போச்சுடா நொள்ளைக்கண்ணா என்று அக்கா சொல்வது மட்டும் காதில் கேட்டது.

அவர் புதுக் காகிதம் ஒன்றை எடுத்து நடுவில் குத்தினார். பிளாஸ்திரி ஒட்டவில்லை.

"ஒரு தடவை ஒழுங்கா அடிங்க. நான் பாத்துட்டுப் போறேன்."

பத்துத் தப்படி நடந்து கோட்டில் நின்றேன். அவர் பின்னால் வந்து நின்றார். விரலை வைக்கவில்லை, எண்ணவும் இல்லை. முதல் அம்பு நடுவட்டம். இரண்டாவது அதற்கு ஒட்டினாற்போல். மூன்றாவதை இழுத்துப் பிடித்தபோது இது போனால் எல்லாம் முடிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். இரண்டு எண்ணும் நேரத்தைத் தாண்டியும் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலே பார்க்கலாமா என்று ஒரு சபலம் வந்தது. ஆறு வாரம் அந்த மனுஷியை ஏமாற்றியது போதும் என்று நினைத்து, விட்டேன்.

மூன்றும் ஒரு உள்ளங்கைக்குள் அடங்கின.

"நல்லா இருக்கு," என்றார். நிஜமாகவே சந்தோஷப்பட்டார், முகத்தில் தெரிந்தது. தன் வில்லின் நாணைக் கழற்றிச் சுருட்டி, பையில் போட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். எனக்கு எதிரே, ஒரு கை தூரத்தில் நின்றார். இவ்வளவு கிட்ட நின்று அவரை நான் ஒருமுறையாவது நேராகப் பார்த்திருக்கிறேனா என்று யோசித்தேன். கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமா?" என்றேன். "அன்னிக்கு, டீ குடிக்கும்போது, போகாதீங்கன்னு நான் சொல்லியிருந்தா?"

"இருந்திருப்பேன்," என்றார். யோசிக்கக்கூட இல்லை.